சூஜோ சந்தில் ஒரு மூங்கில் நாற்காலி

எங்கள் செல்போன் கம்பெனி லைனில் இசக்கிசெல்விக்கு மட்டும் சொந்தமாக ஓர் இடம் கிடையாது. மொத்தம் நாற்பத்திரண்டு ஸ்டேஷன், நாற்பத்திரண்டு பெண்கள். ஒருத்தி செல்போனுக்குள் ஸ்பீக்கரை வைப்பாள், ஒருத்தி ஸ்க்ரூ போடுவாள், ஒருத்தி கண்ணாடியைத் துடைத்தே எட்டு மணி நேரத்தை ஓட்டுவாள். இசக்கி நாற்பத்து மூன்றாவது ஆள், ரிலீவர். யாருக்காவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்குவோம். அவள் பின்னால் வந்து வலது தோளில் இரண்டு முறை தட்டுவாள். தட்டினால் எழுந்துகொள்ளலாம். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அவள் உட்கார்ந்து, நாங்கள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வாள். திரும்பி வந்ததும் நாங்கள் அதேபோல அவள் தோளில் தட்ட வேண்டும். தட்டு விழாமல் யாரும் எழக் கூடாது. ஒரு நாற்காலி காலியானால் பெல்ட் மொத்தமும் நின்றுபோகும், அதன் பிறகு சூப்பர்வைசர் வாயைக் கேட்க முடியாது.

என் பெயர் கலைமதி, பதினேழாவது ஸ்டேஷன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மண்ணூர். எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதில் ஓர் அறையில் இன்னும் ஐந்து பெண்களோடு இசக்கி ஆறு வருஷமாக இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, ஆள் எடுக்க வந்த கம்பெனி வேனில் ஏறி வந்தவள். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பாவுக்கு ஆடுகள். முப்பிடாதி என்று ஓர் அக்கா, மூன்று வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த அக்காவின் போன் வரும். பேச்சில் பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. இங்கே என்ன குழம்பு, அங்கே என்ன குழம்பு, செல்லக்கனிக்குப் பல் முளைத்துவிட்டது, கனி நடக்கிறாள், கனி கடித்துவிட்டாள். கனி அக்காவின் மகள். இசக்கி மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடியே ஒரு மணி நேரம் பேசுவாள். இதில் என்னதான் இருக்கிறதோ என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ரிலீவர் வேலையை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. இசக்கியும் கேட்கவில்லை. கொடுத்தார்கள், செய்தாள். நாற்பத்திரண்டு வேலையும் அவள் கைக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அவசரம் என்றால் தோளைத் தட்ட ஆள் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு பெல்ட் நிற்கும்வரை அடக்கிக்கொண்டு இருப்பாள். இதை நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம்.

பங்குனி மாதம், காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கு லைன் ஓட ஆரம்பித்தது. ஆறரைக்கு எனக்கு வயிற்றைப் பிசைந்தது, கையைத் தூக்கினேன். இசக்கி வந்து தட்டினாள், நான் போனேன். பாத்ரூமிலிருந்து நேராக நர்ஸ் அறைக்குப் போனேன். மாத்திரை கொடுத்து, பத்து நிமிஷம் படு என்றார்கள். பத்து நிமிஷத்தில் வலி போய்விட்டது. ஏசி குளிர், மெத்தை, யாரும் கூப்பிடாத இடம். நான் எழுந்திருக்கவில்லை. எட்டு இருபதுக்குத்தான் லைனுக்குத் திரும்பி அவள் தோளில் தட்டினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து வேகமாக வெளியே போனாள்.

பக்கத்து ஸ்டேஷன் சந்திரலேகாதான் விஷயத்தைச் சொன்னாள். ஆறு நாற்பதுக்கே சூப்பர்வைசர் வந்து இசக்கியின் காதில் சொல்லியிருக்கிறார்: ஊரிலிருந்து ஆபீசுக்கு போன், உன் அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை, கிளம்பு என்று. "பதினேழு வந்ததும் உடனே போய்டும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த லைனுக்குப் போய்விட்டார். பதினேழு நான். நான் மெத்தையில் படுத்திருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிஷம் அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து என் ஸ்க்ரூவைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ரிஜெக்ட்கூட வரவில்லையாம்.

அவள் பஸ் மாறி பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது இரவு ஒன்பது ஐம்பது. முப்பிடாதி உயிர் போனது எட்டே முக்காலுக்கு, ஐந்து நாள் காய்ச்சலில். நர்ஸ் சொன்ன பத்து நிமிஷத்தில் நான் எழுந்து வந்திருந்தால் அவள் எட்டு பத்துக்கே போயிருப்பாள். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டேன் என்று எனக்கே தெரியாது. எப்படிப் போட்டாலும் முப்பத்தைந்து நிமிஷம் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தாள். அழுத முகம் இல்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், மற்றவர்கள் சிரித்தால் அவளும் சிரித்தாள். கையைத் தூக்கினால் வந்து தட்டினாள். அன்றைக்கு நீ எங்கே போயிருந்தாய் என்று அவள் கேட்பாள் என ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் துணியைச் சீக்கிரமே காயப்போட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

ஆடி மாதம் அவள் அப்பா மண்ணூருக்கே வந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசினார். மூன்று வயதுப் பிள்ளை. முப்பிடாதி புருஷன் தளவாய் லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டால் பார்க்க ஆள் இல்லை. இன்னொருத்தி வந்தால் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வாளோ. நீயே உன் அத்தானைக் கட்டிக்கொண்டால் எல்லாருக்கும் நிம்மதி. தளவாய் குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார், நல்ல மனிதர். மோசமான ஆளாக இருந்திருந்தால் மாட்டேன் என்று சொல்வது சுலபம். இசக்கி தலையை ஆட்டினாள். அது சரியா, இல்லையா என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் சீனா வந்தது. புது மாடலுக்குப் புது லைன், அதற்கு ஆறு வாரப் பயிற்சி, சூஜோ என்ற ஊரில். எல்லா ஸ்டேஷனும் தெரிந்தவள் என்று அவளை எடுத்தார்கள். ரிஜெக்ட் குறைவு என்று என்னை எடுத்தார்கள். எங்களோடு இன்னும் நான்கு பேர், எங்களுக்குத் தலைவராக சாம்சன் சார் என்ற இன்ஜினியர். எங்கள் போனில் வாட்ஸ்அப் அங்கே வேலை செய்யாது, ஊருக்குப் பேச சாம்சன் சாரின் போன் ஒன்றுதான். கிளம்புகிற அன்று அப்பா அவளிடம் சொன்னார்: "ஆவணிக் கடைசி முகூர்த்தம் நல்லாயிருக்கும்மா. நீ அங்க போயி நாலாவது ஞாயித்துக்கெழம நான் பேசுதேன். அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லிரு, மண்டவத்துக்குச் சொல்லணும்."

சூஜோவில் எங்கள் ஹாஸ்டலைச் சுற்றி இருந்ததெல்லாம் எங்கள் கம்பெனி இருக்கிற ஒரகடம்தான். அதே அகலச் சாலை, அதே நீல ஷெட், அதே கம்பெனி பஸ். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாம்சன் சார் எங்களைப் பழைய ஊருக்கு அழைத்துப் போவார். அங்கே பஸ் நுழைகிற சாலை தாண்டினால் சந்து. சந்துக்குள் சந்து. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், மழைநீர் வழிந்து கருப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக. மேலே சாம்பல் நிற ஓடு. தரையில் நீளக் கருங்கல், சில கல் மிதித்தால் லடக்கென்று ஆடும், அடியில் சாக்கடை ஓடுகிற சத்தம் கேட்கும். தலைக்கு மேல் மூங்கில் கழியில் போர்வையும் உள்பாவாடையும் காயும். சந்து முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஓரத்தில் திரும்பும். நிஜமாகவே முடிகிற சந்து ஒரு கால்வாயில் முடியும், தண்ணீருக்குள் படி இறங்கும். அங்கே யாராவது துடைப்பத்தை அலசிக்கொண்டிருப்பார்கள். இந்தத் துணியையும் பாசியையும் பார்க்கவா விமானம் ஏறி வந்தோம் என்று எனக்குக் கோபம். வாங்க ஒரு கடை இல்லை, கால் வேறு வலித்தது.

இசக்கி மட்டும் ஒவ்வொரு சந்தாக நுழைந்து வெளியே வந்தாள். லைனுக்குப் பின்னால் நடக்கிற அதே நடை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நிற்பாள், உள்ளே பார்ப்பாள், நகர்வாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்பாள். கோயிலைக் காட்டினாலும் குப்பைத்தொட்டியைக் காட்டினாலும் அதே நல்லாயிருக்குதான்.

இரண்டாவது ஞாயிறு ஒரு பெரிய பழைய வீட்டுக்குள் போனோம். நடுவில் வரிசையாகக் கூடங்கள். பக்கச் சுவரை ஒட்டி, ஒரே ஆள் நடக்கிற மாதிரி ஓர் இருட்டு வழி, வாசலிலிருந்து பின்கட்டுவரை. அந்தக் காலத்தில் கூடத்தில் பெரிய மனிதர்கள் இருக்கும்போது வீட்டுப் பெண்களும் வேலைக்காரர்களும் கண்ணில் படாமல் அந்த வழியாகத்தான் போக வேண்டுமாம். நான் வெளிச்சத்தில் கூடம் வழியாக நடந்தேன். இசக்கி அந்த இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். மறுமுனையில் கை முழுக்கச் சுண்ணாம்போடு வந்தாள்.

"இன்னாடி, இருட்டுல இன்னா பாத்த?" என்றேன்.

"ரிலீவர் போற வழி" என்றாள். சிரிக்கவில்லை.

நாலாவது ஞாயிறு வந்தது. பஸ்ஸில் ஏறும்போதே நான் கேட்டேன், "உங்கப்பாவுக்கு இன்னா சொல்லப் போற?"

"தெரியலட்டி."

"உனக்குப் புடிச்சிருக்கா இல்லையா, அத்தச் சொல்லு."

"ஒண்ணும் தோணல. கைய நுள்ளிப் பாத்தாக்கூட வலிக்க மாட்டேங்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அன்று போன சந்தில் பெண்கள் வாசலுக்கு வாசல் உட்கார்ந்து ஏதோ உரித்துக்கொண்டிருந்தார்கள். குளத்தில் விளைகிற கொட்டையாம். கொண்டைக்கடலை அளவு, மேலே தடித்த ஓடு, உள்ளே வெள்ளைப் பருப்பு. கட்டைவிரலில் தகரத்தால் செய்த நகம் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓட்டைக் கீறிப் பருப்பை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார்கள். பருப்பு உடையக் கூடாது. உடைந்தது தனிக் கிண்ணத்துக்குப் போனது. இங்கேயும் ரிஜெக்ட்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாசலில் நாற்பது வயதிருக்கும் ஒருத்தி, பூப்போட்ட பைஜாமாவில், குட்டையான மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரமாகவே நெளிந்துகொண்டிருந்தாள். அந்தப் பழைய வீடுகள் பலவற்றில் கக்கூஸ் கிடையாது, சந்து முனையில் பொதுக் கக்கூஸ்தான். சட்டென்று தகர நகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அடிவயிற்றைப் பிடித்தபடி முனையைப் பார்த்து ஓடினாள்.

அவள் எழுந்த நாற்காலியில் இசக்கி உட்கார்ந்தாள்.

யோசித்துச் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நடந்துகொண்டிருந்தவள் அப்படியே திரும்பி உட்கார்ந்து, நகத்தை மாட்டி, கொட்டையை எடுத்துக் கீறினாள். முதல் இரண்டு உடைந்தன. மூன்றாவது முழுசாக வந்தது. எதிர் வாசல் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"ஏய், இன்னாடி பண்ற? அவங்க வந்தா திட்டப் போறாங்க, எழுந்திரு."

அவள் நிமிரவே இல்லை. அப்போதுதான் சாம்சன் சார் போனைத் தூக்கிப் பிடித்தபடி சந்துக்குள் ஓடி வந்தார். "இசக்கி, அப்பா லைன்ல இருக்காரு. வாம்மா, அந்தப் படிக்கட்டுகிட்ட டவர் நல்லா கிடைக்குது."

"ஆளு வரட்டும் சார்."

"எந்த ஆளு?"

அவள் கிண்ணத்தைக் காட்டினாள். சாருக்கு ஒன்றும் புரியவில்லை. போனிலிருந்து அப்பாவின் குரல் கரகரவென்று வந்தது. "எம்மா, இருக்கியா? எல்லாரும் இங்கதான் இருக்கோம். தளவாயும் வந்திருக்காரு. கேக்கா?"

"கேக்குப்பா. கொஞ்சம் இருங்க. ஆளு வந்துரும்."

"என்ன ஆளும்மா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இது இன்னா உன் லைனா? எவளோ ஒருத்தியோட கொட்ட. போட்டுட்டு எழுந்து போடி! உங்கப்பா கூப்ட்டுகினு இருக்காரு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. "ஆளில்லாம எப்பிடிட்டி எந்திரிக்க?" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்டாள்.

அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பாள். காதில் அந்தச் செய்தி, கையில் என் ஸ்க்ரூ. நான் அவள் பின்னால் போய் நின்றேன். வலது தோளில் இரண்டு முறை தட்டினேன்.

உடனே எழுந்துவிட்டாள். நகத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள், போனை வாங்கினாள், கால்வாய்ப் படியை நோக்கி நடந்தாள். நான் உட்கார்ந்தேன். சாம்சன் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களைத் தேடிப் போனார்.

எனக்குக் கொட்டை வரிசையாக உடைந்தது. ரிஜெக்ட் குறைவு என்று சீனாவுக்கு வந்தவளின் லட்சணம். தலையைத் தூக்கிச் சந்து முனையைப் பார்த்தேன். பைஜாமாக்காரி எப்போதோ கக்கூஸிலிருந்து வெளியே வந்துவிட்டாள். வெங்காயத்தாள் விற்கிறவனோடு நின்று கதை பேசிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கை, சாவகாசமான சிரிப்பு. இங்கே ஒருத்தி உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், உனக்கு அங்கே என்னடி சிரிப்பு என்று கத்த வாயெடுத்தேன். கத்தவில்லை. அந்தச் சிரிப்பைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அவளுக்காவது, இங்கே ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரியாது.

குறுகலான சந்து. படிக்கட்டில் அவள் மெல்லப் பேசியதுகூடச் சுவரோடு வந்து சேர்ந்தது.

"இல்லப்பா... அத்தான் நல்லவருதான், நான் இல்லன்னு சொல்லல... அக்கா இடத்துல நான் உக்கார மாட்டேம்ப்பா. அவ எந்திரிச்சுப் போகல. அவளுக்காவ எத்தன நாளு உக்காந்திருந்தாலும் திரும்பி வந்து என்னத் தட்ட மாட்டா." போனில் அப்பாவின் குரல் கரகரத்தது. "கனிய எங்கிட்ட விடுங்க, நான் வளக்கேன். சித்தியா வளக்கேன். அத்தானுக்கு வேற பாருங்க." அந்தக் குரல் உயர்ந்தது. "யோசிச்சுத்தாம்ப்பா சொல்லுதேன். வச்சிருதேன்."

திரும்பி வந்து என் பின்னால் நின்றாள். தட்டுவாள் என்று தோளைத் தயாராக வைத்திருந்தேன். தட்டவில்லை.

"அன்னைக்கு எங்கட்டி போயிருந்த?" என்றாள்.

ஐந்து மாதமாக வைத்திருந்த பொய் நாக்கு நுனிவரை வந்தது. வாந்தி, மயக்கம், நர்ஸ் விடவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல், கையிலிருந்த கொட்டையைப் பார்த்துச் சொன்னேன்.

"நர்ஸ் ரூம்ல படுத்துகினு இருந்தேன். வலி பத்து நிமிஷத்துல போயிடுச்சு. ஏசி நல்லாயிருந்துச்சு. சும்மா படுத்துகினு இருந்தேன்."

ஒரு சைக்கிள் மணியடித்தபடி போயிற்று. கல் ஆடியது.

"அக்கா ராத்திரி எட்டரை வரைக்கும் பேசிட்டு இருந்தாளாம்" என்றாள் இசக்கி. "நான் வந்துட்டேனான்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம்." குரல் முதல் முறையாக உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். என்னை அறைந்திருக்கலாம். அறைந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"அந்த அக்கா வாரது வரைக்கும் எந்திரிக்காத" என்று சந்து முனையைக் காட்டினாள். சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்தபடி, பஸ் நிற்கிற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கச் சந்துக்குள் நுழைந்தாள். ஒரு வாசலிலும் நிற்கவில்லை.

முனையில் பைஜாமாக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய சாலையில் எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. சாம்சன் சார் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.